எட்மண்டு பர்க்

தேர்தலில் வென்றவரை உலகம் மாலையிட்டுப் போற்றுகிறது. தோற்றவரை விரைவில் மறந்துவிடுகிறது. ஆயினும் தாம் அடைந்த தோல்வியாலேயே புகழ் பெற்றவரும் சிலர் உளர். அத்தகையோருள் ஒருவர் எட்மண்டு பர்க் என்னும் பெருமகனார். இங்கிலாந்தின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாகிய பிரிஸ்டல் நகரம் 1780ஆம் ஆண்டில் இவரைத் தன் பிரதிநிதியாக வைத்துக்கொள்ள மறுத்தது. அந்நகரமே 1894ஆம் ஆண்டில் தன் நடுவிடத்தில் இவருக்குச் சிலை நிறுவியது. மறுத்த ஊரே சிலை எடுக்கும்படி இவர் செய்தது யாது? ஒருமுறையேனும் இந்தியாவுக்கு வந்தறியாத இவர், நம் தமிழ்நாட்டு உழவர்களுக்காக வாதாடியது எவ்வாறு? இவற்றை அறிய வேண்டுமாயின், இவருடைய வாழ்க்கையோடு இவர் காலத்துத் தேர்தல் முறையையும் சேர்த்தே அறிதல் வேண்டும்.

இளமையும் கல்வியும்

பர்க் 1729ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், புராட்டஸ்டண்டு சமயத்தினர். தாயார் கத்தோலிக்க சமயத்தினர். அக்காலத்து அயர்லாந்தில் மக்களுட் பெரும்பாலோர் கத்தோலிக்கரே. ஆயினும் அவர்கள் பாராளுமன்றத்தில் அமரவும், வாக்களிக்கவும், அரசாங்கப் பதவி வகிக்கவும் சட்டம் இடந்தரவில்லை. இளமையில் உடல்நலம் குன்றியிருந்த பர்க், சில ஆண்டுகள் நாட்டுப்புறத்தில் தம் தாயாரின் உறவினர் இல்லத்தில் வளர்ந்தார். வாக்குரிமை அற்றவர்களின் வாழ்வு எத்தகையது என்பதை அவர் நூல்களிற் படித்து அறிந்தவர் அல்லர். தம் மாமன்மார் வீட்டு முற்றத்திலேயே கண்டறிந்தார்.

பின்னர்ப் பாலிட்டோர் என்னும் சிற்றூரில் குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த நல்லாசிரியர் ஒருவர் நடத்திய பள்ளியிற் பயின்றார். அங்கிருந்து டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்குச் சென்று 1748ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். கல்லூரியில் இருந்தபோதே நண்பர் சிலரைக் கூட்டி ஒரு சொற்போர்க் கழகம் அமைத்தார். 1750ஆம் ஆண்டில் சட்டம் பயில இலண்டனுக்குச் சென்றார். ஆனால், சட்டப் புத்தகங்களினும் இலக்கியமும் வரலாறும் அவர் உள்ளத்தைப் பெரிதும் ஈர்த்தன. வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டு, எழுத்தையே வாழ்வாகக் கொண்டார். 1757ஆம் ஆண்டில் அழகினைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி நூல் அறிஞரிடையே அவருக்குப் பெயர் தேடித் தந்தது. அவ்வாண்டிலேயே திருமணமும் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டு முதல், உலக நிகழ்ச்சிகளைத் தொகுத்துரைக்கும் ஆண்டு மலர் ஒன்றின் ஆசிரியராகப் பணியாற்றினார். அகராதி இயற்றிய சாமுவேல் ஜான்சன், ஓவியர் ரெனால்ட்ஸ், கவிஞர் கோல்ட்ஸ்மித் ஆகியோர் இவருடைய நெருங்கிய நண்பராயினர்.

அக்காலத் தேர்தல் முறை

இன்று நாம் அறிந்துள்ள தேர்தலுக்கும் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடந்த தேர்தலுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. காமன்ஸ் சபை எனப்படும் மக்கள் சபையில் அந்நாளில் 558 உறுப்பினர் இருந்தனர். ஆங்கிலத் தொகுதிகளுட் பெரும்பாலானவை தலைக்கு இரண்டு உறுப்பினரை அனுப்பின. ஆனால், மக்கள் தொகைக்கு ஏற்பத் தொகுதிகள் வகுக்கப்படவில்லை. மான்செஸ்டர், பர்மிங்காம் போன்று நாள்தோறும் வளர்ந்துவந்த நகரங்களுக்கு ஓர் உறுப்பினரும் இல்லை. பழைய சாரம் என்பதோ, முன்னொரு காலத்தில் நகரமாக இருந்து பின்னர் வெறும் மேடாகிவிட்ட இடம். அந்த மேட்டுக்கு இரண்டு உறுப்பினர்கள்! அதன் நிலத்திற்கு உடையவர் எவரோ அவர் சுட்டியவரே பாராளுமன்றம் சென்றனர்.

சிற்றூர்த் தொகுதிகள் பலவற்றின் நிலையும் ஏறத்தாழ இதுவே. வாக்காளர் மிகச் சிலர். அவர்களும் ஊர்ப் பிரபுவின் நிலத்தையும் வீட்டையும் வாடகைக்குக் கொண்டு வாழ்பவர்கள். வாக்கு மறைவாக அளிக்கப்படவில்லை. ஊரார் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்ல, அலுவலர் ஏட்டிற் பதிந்துகொண்டனர். பிரபுவின் விருப்பத்திற்கு மாறாக வாக்களிப்பவன் மறுநாள் தன் வீட்டை இழக்க நேரிடலாம். ஆகவே, அத்தொகுதிகளிற் போட்டியே பெரும்பாலும் நிகழ்வதில்லை. பிரபுவின் சட்டைப்பைக்குள் அத்தொகுதி இருக்கின்றது என்று மக்கள் நகைத்துப் பேசினர். பணமுடையோர் அத்தகைய தொகுதிகளை நிலம் வாங்குவதுபோல் விலைக்கு வாங்குவதும் உண்டு.

இவ்வளவோடு அமையவில்லை. அரசரும் அமைச்சரும் தமக்கு இணங்கிய உறுப்பினருக்கு வேலையற்ற பதவிகளையும், உதவித் தொகைகளையும், படைக்குப் பண்டம் வழங்கும் ஒப்பந்தங்களையும் வாரி வழங்கினர். பாராளுமன்றத்தின் ஆயுள் ஏழாண்டு. ஒருமுறை இடம்பெற்றவர், கேள்வி கேட்பார் இன்றி ஏழாண்டும் வாழலாம். மீண்டும் அதே தொகுதியிற் போட்டியின்றி அமரலாம். அதிகாரத்தில் இருப்பவரே அதிகாரத்தில் நீடிப்பதற்கு வேண்டிய வழிகள் எல்லாம் திறந்திருந்தன.

வெண்டோவர் முதல் பிரிஸ்டல் வரை

1765ஆம் ஆண்டில் ராக்கிங்காம் பிரபு தலைமை அமைச்சரானார். அவர் பர்க்கைத் தம் செயலாளராக அமர்த்திக்கொண்டார். அவ்வாண்டின் இறுதியிலேயே வெண்டோவர் என்னும் சிறு தொகுதியிலிருந்து பர்க் பாராளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அத்தொகுதி வெர்னி பிரபுவின் ஆதிக்கத்தில் இருந்தது. ஆதலின், பிற்காலத்தில் மக்கள் உரிமைக்காக முழங்கிய பர்க்கும் பிரபு ஒருவர் திறந்துவிட்ட வாயில் வழியாகவே அரசியலுட் புகுந்தார் என்பதை நாம் மறத்தலாகாது. செல்வமும் குலப்பெருமையும் அற்ற ஓர் அயர்லாந்து எழுத்தாளருக்கு அந்நாளில் வேறு வாயில் இல்லை.

1766ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் நிகழ்த்திய முதற் பேச்சே சபையை வியப்பில் ஆழ்த்தியது. அமெரிக்கக் குடியேற்றங்களின் மேல் விதிக்கப்பட்ட முத்திரைத் தாள் வரியை நீக்க வேண்டும் என்று அவர் வாதித்தார். அவ்வரி அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டது. எனினும் ராக்கிங்காம் அமைச்சரவை விரைவில் வீழ்ந்தது. அதன் பின்னர்ப் பர்க் நெடுங்காலம் எதிர்க்கட்சியிலேயே அமர்ந்திருந்தார்.

1774ஆம் ஆண்டில் மறுபடியும் தேர்தல் வந்தது. வெர்னி பிரபு கடன்பட்டிருந்தார். தம் தொகுதியைப் பணம் தருவோர்க்கு அளிக்க வேண்டிய நிலையில் இருந்தார். பர்க்குக்கு வெண்டோவர் இல்லையாயிற்று. ராக்கிங்காம் தம் ஆதிக்கத்தில் இருந்த மால்ட்டன் என்னும் தொகுதியை அளித்தார். யார்க்ஷயரைச் சேர்ந்த அச்சிறு நகரில் பர்க் தேர்ந்தெடுக்கப்பட்ட வேளையில், பிரிஸ்டலிலிருந்து அழைப்பு வந்தது. அமெரிக்காவோடு வாணிகம் செய்துவந்த அந்நகர வணிகருட் பலர், அமெரிக்கரோடு இணக்கம் வேண்டுமென்று வாதிடும் பர்க்கே தம் உறுப்பினராதல் வேண்டும் என விரும்பினர். அவர் இரவு பகலாகப் பயணம் செய்து அந்நகரை அடைந்தார்.

பிரிஸ்டலில் வாக்காளர் ஏறத்தாழ 5,000 பேர். எந்தப் பிரபுவின் பைக்குள்ளும் அடங்காத ஊர் அது. வாக்குப்பதிவு பல நாட்கள் நடைபெற்றது. முடிவில் குரூகர் என்னும் வணிகர் முதலிடமும், பர்க் இரண்டாம் இடமும் பெற்று இருவரும் உறுப்பினராயினர். நன்றி கூறும் கூட்டத்தில், தொகுதி மக்கள் இடும் கட்டளைப்படியே நடப்பதாகக் குரூகர் உறுதி கூறினார். பர்க் அவ்வாறு கூறவில்லை. மக்களின் நலத்தைத் தம் நலத்தினும் மேலாகக் கருதுவதும், அவர்கள் கருத்துக்குப் பெருமதிப்பு அளிப்பதும் உறுப்பினரின் கடமை என்றார். ஆனால், தம் அறிவையும் மனச்சான்றையும் அவர்களுக்கு அடகு வைத்தல் தொண்டாகாது; துரோகமாகும் என்று அஞ்சாமல் எடுத்துரைத்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட பின்னர் அவர் பிரிஸ்டலின் ஊழியர் மட்டும் அல்லர். நாடு முழுமைக்கும் உரிய பாராளுமன்ற உறுப்பினர் என்பது அவர் கருத்து. வெற்றி பெற்ற அன்றே, தம்மைத் தேர்ந்தவர் முன் நின்று, நீங்கள் சொல்வதை எல்லாம் செய்யமாட்டேன் என்று உரைப்பதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்!

மனச்சான்றா, பதவியா?

அத்துணிவைச் சோதிக்கும் காலம் விரைவில் வந்தது. 1778ஆம் ஆண்டில், அயர்லாந்தின் வாணிகத்தைக் கட்டிப்போட்டிருந்த தடைகளைத் தளர்த்தும் சட்டங்கள் பாராளுமன்றத்திற்கு வந்தன. அயர்லாந்துப் பண்டங்கள் வந்து குவிந்தால் தம் வாணிகம் நலியும் எனப் பிரிஸ்டல் வணிகர் அஞ்சினர். எதிர்த்து வாக்களிக்குமாறு பர்க்குக்கு எழுதினர். ஒரு நாடு செழித்தால் அதனோடு வாணிகம் செய்யும் மற்றொரு நாடும் செழிக்கும் என்று விளக்கி அவர் மறுமொழி விடுத்தார், சட்டங்களை ஆதரித்தார்.

அவ்வாண்டிலேயே கத்தோலிக்கர் மேலிருந்த கொடிய தடைகள் சிலவற்றை நீக்கும் சட்டம் நிறைவேறியது. பர்க் அதற்குத் துணை நின்றார். கடனைத் திருப்பித் தர இயலாதவரைக் கடன் கொடுத்தவர் தம் விருப்பம்போல் சிறையில் வைத்திருக்கும் கொடுமையைக் குறைக்க ஒரு மசோதா வந்தபோதும் அதனை ஆதரித்தார். கடன் கொடுத்து வாங்கும் வணிகர்க்கு அதுவும் உவப்பாக இல்லை. 1780ஆம் ஆண்டு சூன் திங்களில், கத்தோலிக்கர்க்கு அளித்த சலுகையை எதிர்த்து இலண்டனிற் பெருங்கலகம் மூண்டது. வீடுகளும் சிறைச்சாலைகளும் தீக்கிரையாயின. பர்க்கின் வீட்டுக்குப் படைவீரர் காவல் இருக்க வேண்டியதாயிற்று. அப்போதும் அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அவ்வாண்டு செப்டம்பரில் தேர்தல் வந்தது. பர்க் பிரிஸ்டல் நகர மண்டபத்திற் கூடிய மக்கள் முன் நின்றார். அவர்மேற் சுமத்தப்பட்ட குற்றங்கள் நான்கு: தொகுதிக்கு அடிக்கடி வருவதில்லை, அயர்லாந்து வாணிகத்தை ஆதரித்தார், கடன்பட்டோர் மசோதாவை ஆதரித்தார், கத்தோலிக்கர்க்குச் சலுகை அளித்தார். நான்கிற்கும் ஒன்றன்பின் ஒன்றாக விடையிறுத்தார். முதற் குற்றத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆறாண்டுகளில் அவர் பிரிஸ்டலுக்குச் சென்றது மிகச் சில முறையே. வாக்காளர் வீடு தேடிச் சென்று நலம் உசாவும் பழக்கம் அவரிடம் குறைவு. மற்ற மூன்றினையும் குற்றம் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவற்றைச் செய்ததற்காக வருந்துவதாக ஒரு சொல் கூறியிருந்தால் ஒருவேளை சில வாக்குகள் கிட்டியிருக்கலாம். அச்சொல்லை அவர் கூறவில்லை.

சில நாட்களில் வெற்றிக்கு வாய்ப்பில்லை என்பது தெளிவாயிற்று. அந்நேரத்தில் போட்டியிட்ட வேட்பாளர் ஒருவர் திடீரென உயிர் நீத்தார். மனிதர் துரத்தும் பதவிகள் எத்துணை நிலையற்றவை என்பதை எண்ணி நெஞ்சுருகிய பர்க், எவர்மீதும் கசப்பின்றிப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

மால்ட்டன் தந்த நிழல்

பிரிஸ்டல் கைவிட்ட பர்க்கை ராக்கிங்காம் மீண்டும் மால்ட்டன் தொகுதியில் நிறுத்தினார். 1780ஆம் ஆண்டின் இறுதி முதல் 1794ஆம் ஆண்டு வரை பர்க் அத்தொகுதியின் உறுப்பினராகவே இருந்தார். அங்கு அவர் வாக்குக் கேட்டு அலைய வேண்டியதில்லை. தோல்வி என்னும் அச்சமும் இல்லை. 1784ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சியினர் பலர் தத்தம் இடங்களை இழந்தனர். பர்க்கின் இடமோ அசையவில்லை. ராக்கிங்காம் இறந்த பின் அவர் மருமகனார் பிட்ஸ்வில்லியம் பிரபுவும் பர்க்குக்கு அத்தொகுதியைத் தொடர்ந்து அளித்துவந்தார்.

தாம் பிரபுவின் நிழலில் இருந்தபோதிலும், அரசாங்கப் பணத்தால் உறுப்பினரை விலைக்கு வாங்கும் தீமையை ஒழிக்கப் பர்க் அரும்பாடுபட்டார். 1780ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே, வேலையற்ற அரண்மனைப் பதவிகளை நீக்கும் திட்டம் ஒன்றைச் சபை முன் வைத்தார். அத்திட்டத்தின் ஒரு பகுதி 1782ஆம் ஆண்டிற் சட்டமாயிற்று. அரசாங்க ஒப்பந்தக்காரர் மக்கள் சபையில் அமர்தலாகாது என்றும், வரி தண்டும் அலுவலர் தேர்தலில் வாக்களித்தலாகாது என்றும் வேறு இரு சட்டங்களும் அவ்வாண்டில் நிறைவேறின. படைகளுக்குச் சம்பளம் வழங்கும் தலைவராகப் பர்க் அவ்வாண்டில் அமர்ந்தார். அப்பதவியில் இருந்தவர்கள் அரசாங்கப் பணத்தைத் தம் கையில் வைத்து வட்டி ஈட்டிப் பெருஞ்செல்வராதல் வழக்கம். பர்க் அவ்வழக்கத்தைச் சட்டத்தால் ஒழித்தார். தமக்கு வரவிருந்த வருவாய்க்குத் தாமே அணையிட்டுக்கொண்டார்.

ஆயினும் அவர் செல்லாத தொலைவு ஒன்று உண்டு. பாராளுமன்றத்தின் ஆயுளைக் குறைத்து, அடிக்கடி தேர்தல் நடத்த வேண்டும் என்று சிலர் கோரியபோது அவர் எதிர்த்தார். தேர்தல்தோறும் பெரும்பொருள் செலவாகும். அரசாங்கக் கருவூலத்தைக் கையில் வைத்திருப்போர் அச்செலவைத் தாங்குவர். நேர்மையாளர் தாங்கார் என்பது அவர் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், வெறும் மேடுகளுக்கு உறுப்பினர் இருப்பதையும் பெருநகரங்களுக்கு இல்லாதிருப்பதையும் மாற்ற வேண்டும் என்று இளையர் பிட் கோரியபோதும் பர்க் இசையவில்லை. பழைய அமைப்பை அசைத்தால் நாடு குலையும் என்று அவர் அஞ்சினார். போட்டியற்ற தொகுதிகள் நல்லோர்க்கும் நிழல் தரும், தீயோர்க்கும் நிழல் தரும் என்பதை அவருக்கு உணர்த்தியிருக்க வேண்டியது ஆர்க்காட்டுக் கடன்.

ஆர்க்காட்டுக் கடனும் தமிழ்நாட்டு ஏரிகளும்

அந்நாளில் ஆர்க்காட்டு நவாபாக இருந்தவர் முகம்மது அலி வாலாசா. அவர் சென்னைச் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பி வாழ்ந்தார். போர்ச் செலவுக்கும் ஆடம்பரத்திற்கும் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவருட் பலர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஊழியர்கள். அவர்கள் மிகுந்த வட்டி விதித்தனர். ஈடாக மாவட்டங்களின் நிலவரி வருவாயை எழுதி வாங்கிக்கொண்டனர். கடனுக்கு வட்டியும், வட்டிக்கு வட்டியுமாகத் தொகை வளர்ந்தது. அச்சுமை முழுவதும் உழவர் தலைமேல் இறங்கியது. 1773ஆம் ஆண்டில் தஞ்சை நாட்டை நவாபு கம்பெனிப் படையின் துணையோடு கைப்பற்றியபோது, அங்குள்ள விளைச்சலின் மீதும் கடன்காரர் உரிமை கொண்டாடினர்.

அவர்களுள் முதல்வர் பால் பென்பீல்டு என்பவர். சென்னையிற் சிறு ஊதியத்தில் வாழ்வு தொடங்கிய அவர், பெருஞ்செல்வத்தோடு இங்கிலாந்து திரும்பினார். 1780ஆம் ஆண்டில் கிரிக்லேடு தொகுதியின் உறுப்பினரானார். தம்மோடு சேர்த்து எட்டு உறுப்பினரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பும் வன்மை அவருக்கு இருந்தது எனப் பர்க் குற்றம் சாட்டினார். தென்னாட்டு உழவரிடம் கசக்கிப் பெற்ற பணம் இங்கிலாந்தில் தொகுதிகளை வாங்கியது. அத்தொகுதிகள் அந்தப் பணத்திற்குக் காவலாயின. இதுவே பர்க் கண்ட கொடுமை.

இக்கடன்கள் மெய்யா பொய்யா என ஆராயுமாறு 1784ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆனால், பிட்டின் அமைச்சரவை ஆராய்ச்சி ஏதும் இன்றி, கர்நாடகத்தின் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் 12 லட்சம் வராகன் எடுத்துக் கடனைத் தீர்க்குமாறு ஆணையிட்டது. 1785ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பர்க் எழுந்தார். தாம் நேரிற் கண்டறியாத நம் நாட்டைச் சபையோர் கண்முன் கொணர்ந்து நிறுத்தினார். மழையை நம்பி வாழும் அந்நாட்டிற்கு ஏரிகளே உயிர் என்றார். கர்நாடகத்திலும் தஞ்சையிலும் பெரியனவும் நடுத்தரமானவுமாகப் பதினாயிரத்திற்குக் குறையாத ஏரிகள் இருத்தல் வேண்டும் எனக் கணக்கிட்டார். அவற்றை அமைத்த பண்டை அரசர் தம் வாழ்நாளோடு நில்லாமல், பின்வரும் தலைமுறைகளையும் எண்ணிப் பார்த்த தந்தையர் என்று போற்றினார். 1780ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படையெடுப்பால் அந்நாடு பாழ்பட்ட கதையை எடுத்துரைத்தார். பாழ்பட்ட நாட்டிலிருந்து முதலிற் பெற வேண்டுவது கடனா, அல்லது ஏரிக்கரையைத் திருத்துவதற்கான பணமா என வினவினார்.

அத்தீர்மானம் தோற்றது. பெரும்பாலோர் அமைச்சரவையின் பக்கமே வாக்களித்தனர். உழவர் தொடர்ந்து வரி செலுத்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ச்சிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. நவாபின் பிற்காலக் கடன்களென உரிமை கோரப்பட்டவற்றை ஆய்ந்தபோது, அவற்றுட் பெரும்பகுதி பொய்யானவை என்று அது கண்டது.

பர்க் போற்றிய ஏரிகளை ஊர்தோறும் காத்துவந்த முறையைப் பற்றி அவர் அறிந்திலர். முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே படித்தறியப்பட்டன. ஏரி வாரியம் முதலியவற்றிற்கு ஆண்டுதோறும் குடவோலையால் உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் விதிகள் அவற்றில் உள்ளன. முந்திய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வருதலாகாது. கணக்குக் காட்டாதவர் வருதலாகாது. அவர்தம் நெருங்கிய உறவினரும் வருதலாகாது என அவ்விதிகள் கூறுகின்றன. நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே அவ்வுரிமை இருந்தது என்பது உண்மை. எனினும், பொதுப்பணத்தைக் கையாள்பவர் ஓரிடத்திலேயே வேரூன்றிவிடலாகாது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அச்சபையார் உணர்ந்திருந்தனர்.

இறுதிக் காலம்

வங்காளத்தில் தலைமை ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது பர்க் குற்றம் சாட்டினார். வெஸ்ட்மினிஸ்டர் மண்டபத்தில் 1788ஆம் ஆண்டில் தொடங்கிய விசாரணை 1795ஆம் ஆண்டில் முடிந்தது. ஹேஸ்டிங்ஸ் விடுதலை பெற்றார். இதற்கிடையே பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790ஆம் ஆண்டிற் பர்க் எழுதிய நூல் ஐரோப்பா எங்கும் பரவியது. அக்கருத்தால் நெடுநாள் நண்பராகிய பாக்சையும் அவர் பிரிந்தார். 1794ஆம் ஆண்டில் பர்க் பதவி துறந்து, மால்ட்டன் தொகுதியைத் தம் ஒரே மகன் ரிச்சர்டுக்கு விட்டார். தேர்ந்தெடுக்கப்பட்ட சில நாட்களிலேயே அம்மகன் நோயுற்று இறந்தான். அத்துயரத்திலிருந்து பர்க் மீளவில்லை. 1797ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் பீக்கன்ஸ்பீல்டில் இயற்கை எய்தினார்.

அவர் காக்க நினைத்த பழைய தேர்தல் முறை நிலைக்கவில்லை. 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் பழைய சாரத்தையும் வெண்டோவரையும் தொகுதிப் பட்டியலிலிருந்து நீக்கியது. மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் உறுப்பினரை வழங்கியது. 1872ஆம் ஆண்டில் மறைவு வாக்கு முறை வந்தது. மால்ட்டனும் 1885ஆம் ஆண்டில் தனித்தொகுதி என்னும் நிலையை இழந்தது.

பர்க்கின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது என்ன? தோல்வியுறக்கூடிய பிரிஸ்டலில் இருந்தபோது அவர் மனச்சான்றுக்காகப் பதவியை இழந்தார். தோல்வியே இல்லாத மால்ட்டனில் இருந்தபோது, தமக்கு ஒரு வாக்கும் அளிக்க இயலாத உழவருக்காகப் பேசினார். ஆனால், அவருக்கு நிழல் தந்த அதே வகைத் தொகுதிகள்தாம் பென்பீல்டுக்கும் நிழல் தந்தன. பிரபு நல்லவராயின் நல்லவர் வந்தார். பிரபு பணத்தாசை கொண்டவராயின் பணமே வந்து அமர்ந்தது. எவர் வருவார் என்பதை முடிவு செய்ய மக்களுக்கு வழி இல்லை. நல்லவர் ஒருவர் வாய்த்தார் என்பதற்காக ஒரு தீய முறை நல்லதாகிவிடாது.

பிரிஸ்டல் வாக்காளர் பிழை செய்தனர் என்று கூறலாம். ஆனால், பிழை செய்யும் உரிமை உடையவர்களே அதனைத் திருத்தும் உரிமையும் உடையவர்கள். அந்நகரம் ஒரு நூற்றாண்டுக்குப் பின் தன் நடுவிடத்தில் சிலை எடுத்தது. வாக்குரிமை பெற்ற ஒவ்வொருவரும் அச்சிலையை மனத்தில் நிறுத்தல் வேண்டும். நம் விருப்பத்திற்கு இசையப் பேசுபவரையும், நம் நலத்திற்காக நம்மையே மறுத்துப் பேசுபவரையும் பிரித்தறியும் ஆற்றலே வாக்காளர்க்கு வேண்டிய கல்வியாகும்.